கதவுப் பக்கம் நின்றவர்

சரவணா,

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, புனேயில நானும் ஒரு ஆட்ட மேசை ஆரம்பிச்சுட்டேன். ஆபீஸ் ஆளுக நாலு பேரு. மாசக் கடைசியில மாய ஆட்டம் வச்சிருக்கேன். நீ கடைசியா நடத்துனியே, கதவுப் பக்கம் நிக்கிற ஆளு, அதை எப்படிச் செஞ்சேன்னு விவரமா எழுது. நான் விளையாடினதுலயே நல்ல ஆட்டம் அதுதான்" என்று கேட்டிருக்கிறாய். போனில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். எழுதச் சொல்லிவிட்டாய். எழுத உட்கார்ந்தால் எனக்குப் பொய் வராது. இருபத்தாறு வருஷமாக பேண்டேஜ் துணி செக்கிங்கில் உட்கார்ந்து, ஓட்டை இருந்தால் இருக்கிறது என்றும் இல்லையென்றால் இல்லை என்றும் எழுதியே கை பழகிவிட்டது. தாளில் எழுதி, போட்டோ எடுத்து, உன் போனுக்கே அனுப்புகிறேன். நீ கேட்டதற்கு மேலும் இதில் இருக்கும். ஆபீஸில் வைத்துப் படிக்காதே, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று உன் புது நண்பர்களிடம் நீ பெருமையாகச் சொல்லியிருப்பாய். உள்ளது என்னவென்றால், உன்னால் சத்தம் போடாமல் ஒரு ஆட்டம்கூட நடத்த முடியவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது இந்தக் கதை ஆட்டத்தை நீதான் கற்றுக்கொண்டு வந்தாய். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாக வேண்டும், அவர்கள் செய்ய நினைப்பது நடக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வன்னியம்பட்டியிலிருந்து முத்துப்பாண்டியும், ஸ்ரீவில்லிபுத்தூர் செருப்புக் கடைக்காரர் மகள் நஸ்ரீனும் பஸ் ஏறி நம் ராஜபாளையம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாண்டி திருடன், நஸ்ரீன் மந்திரக்காரி, நீ நடத்துபவன். நான் அடுப்படியில் சீனியவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். "காவக்காரன் கதவைத் தொறந்துட்டான்" என்று நீ சொன்னாய். "ஏலே, அவனுக்கு வேலை போயிருமுன்னு பயம் இருக்காதா? கேட்ட ஒடனே எப்படித் தொறப்பான்?" என்றேன். மூன்று பேரும் அடுப்படியை எட்டிப் பார்த்தீர்கள். "அம்மா, நீங்களே நடத்துங்களேன்" என்றாள் நஸ்ரீன். ஆய்ந்த காயை உன் மடியில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள், மூன்று வருஷம் எழுந்திருக்கவில்லை. "எம் பொண்டாட்டி பொய் சொல்லுதா, பிள்ளைக அதை நம்பிப் பகடை உருட்டுது" என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கண்ணுக்குத் தெரிவதில் எது மெய், எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டிய மாய ஆட்டத்தை நான் முதன்முதலில் நடத்தியது உனக்கு மறந்திருக்காது. ஒரு சந்தை. அங்கே கடைகள் பொய், விற்பவர்கள் பொய், தராசு பொய், தரையும் பொய். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் பாண்டி பகடையை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "எல்லாமே பொய்னா நான் எதுக்கும்மா கத்தியை எடுக்கணும்?" என்றான். அவன் கோபப்படவில்லை. கைவிட்டுவிட்டான். அதுதான் மோசம். அதனால் நான் உனக்குச் சொல்லும் முதல் விஷயம் இது. பத்துப் பொய் வைத்தால் அதற்குள் ஒரு மெய் வை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடக்க முடிய வேண்டும். எது மெய் என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதி, உன் முன்னால் மறைப்புக்கு நிறுத்தும் காலண்டர் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள். அவர்கள் எவ்வளவு திணறினாலும், நீ எவ்வளவு ரசித்தாலும், நடுவில் அதை மாற்றாதே. நடத்துகிறவளுக்கே எது மெய் என்பது ஆடிப்போய்விட்டால் அந்த மேசையில் ஒருவருக்கும் தரை கிடையாது.

இரண்டாவது, உனக்குத் தெரியாத ரகசியம். அந்தச் சந்தைக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மெய்யான பொருளுக்கு "இருக்கு" என்பேன். பொய்யான பொருளுக்கு "தெரியுது" என்பேன். "தூண் இருக்கு. தூணுக்குப் பக்கத்துல ஒரு விளக்கு தெரியுது." அவ்வளவுதான். குரலை மாற்றுவதில்லை, முகத்தைக் காட்டுவதில்லை. கவனிப்பவர்களுக்கு வழி திறந்தே கிடக்கும். நீ மூன்று வருஷமும் கண்டுபிடிக்கவில்லை, ராசா. விளக்கை வெட்டினாய், சுவரை வெட்டினாய், ஒருமுறை உன் நிழலையே வெட்டினாய். நஸ்ரீன் ஒரே வருஷத்தில் பிடித்துவிட்டாள். ஒருநாள் பஸ்ஸுக்குப் போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பொய்யான சாமானுக்கு நீங்க ஒரு தடவகூட 'இருக்கு'ன்னு சொல்ல மாட்டேங்கீக." நான் அவள் வாயைப் பொத்தினேன். "அவனுககிட்ட சொல்லிராதட்டி" என்றேன். அவள் சொல்லவில்லை.

மூன்றாவது நான் செக்கிங் மேசையில் கற்றது. கண்ணாடி மேசைக்குக் கீழே டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடும். கண்ணுக்கு ஓட்டை போலத் தெரியும், விரலை வைத்தால் நூல் சரியாக இருக்கும். அதனால் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, கண் சந்தேகப்பட்டால் கையை வை என்பதுதான். உன் மேசையிலும் கையை வைத்துப் பார்ப்பவனைத் தண்டிக்காதே. தொட்டால் தெரிய வேண்டும், கல்லை எறிந்தால் தெரிய வேண்டும். இன்னொன்று, மாயத்துக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். சும்மா பயமுறுத்த வரும் மாயம் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். அது இவர்களிடம் எதை எதிர்பார்த்து வந்து நிற்கிறது என்று நீ யோசித்துவை.

இனி நீ கேட்ட ஆட்டம்.

நீ புனே போவதற்கு இரண்டு வாரம் முந்திய ஞாயிறு. பூட்டிக் கிடந்த ஒரு நூல் மில்லுக்குள் நீங்கள் நுழைவதாகக் கதை. உள்ளே மிஷின்கள் ஓடுகிற சத்தம், வரிசையாகப் பெண்கள் நூல் முடிந்துகொண்டிருப்பார்கள், அத்தனை பேரும் மாயம், ஒருத்தியைத் தவிர. அவளை நீங்கள் கண்டுபிடித்து வெளியே கூட்டிவர வேண்டும். தாளில் நான் எழுதிவைத்தது அவ்வளவுதான். நான் "பொண்ணுக தெரியுதாக, நாலு வரிசையா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அடுப்படிக்குப் போகும் கதவில் ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். ஊதாச் சட்டை, தோளில் துண்டு, தலையெல்லாம் ஈரம். பின்வாசல் வழியாக அப்பாவைத் தேடி யாரோ வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். உங்களிடம் சொன்னேன், "கதவுப் பக்கம் ஒருத்தர் இருக்காக."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். உன் கண் பளபளத்தது. "என்ன சட்டைம்மா?" என்று கேட்டாய். "ஊதாச் சட்டை" என்றேன். "கையில என்ன வச்சிருக்கான்?" என்றான் பாண்டி. "ஒண்ணும் இல்ல, தோள்ல துண்டுதான்." நீ பகடையை எடுத்து உருட்டினாய். பகடை மேசையில் உருண்ட சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

அப்போதே "செத்த நேரம் நிறுத்துங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ ஊருக்குப் போகிற நேரம், பிள்ளை பயந்துவிடுவான் என்று ஒரு சாக்கு. என் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்களோ என்ற வெட்கம்தான் உண்மையான காரணம். அதனால் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். இரண்டு மணி நேரம் நீங்கள் கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். என்ன செய்கிறார்? நிற்கிறார். எதைப் பார்க்கிறார்? உங்கள் கைகளைப் பார்க்கிறார். பேசுகிறாரா? இல்லை. நான் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை, சரவணா. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். உனக்கு அது அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான். நஸ்ரீனுக்குப் பஸ் நேரமாகி எல்லாரும் எழுந்தபோது கதவில் யாரும் இல்லை. நீங்கள் கை தட்டினீர்கள். நானும் சிரித்தேன்.

நஸ்ரீன் மட்டும் தட்டவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மா, நீங்க 'இருக்காக'ன்னு சொன்னீங்க. 'தெரியுதாக'ன்னு சொல்லல. அவரு மெய்யான ஆளுன்னு நெனச்சு என் மந்திரத்தையெல்லாம் அவரைக் காப்பாத்தவே செலவழிச்சேன். கடைசி வரைக்கும் அவரு யாருன்னே சொல்லலையே?" நான் "வாய் தவறிப்போச்சும்மா" என்றேன். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளையிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் நம்பாமல்தான் போனாள்.

நீ போன பிறகு அவர் பத்துப் பன்னிரண்டு தடவை வந்துவிட்டார். எல்லாம் பகலில்தான். முதலில் கதவைத் தாண்டவில்லை. இப்போது நீ உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். எதற்கு வருகிறார், என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வேலையிலும் தடுமாற்றம். இல்லாத ஓட்டைக்கு நல்ல துணியை ஒதுக்கினேன், சூப்பர்வைசர் திரும்ப எடுத்துப் பார்த்து, "என்னக்கா, கண்ணாடி மாத்தணுமா?" என்றார். ஒதுக்கினால்கூடப் பரவாயில்லை. இருக்கிற ஓட்டையை இல்லை என்று விட்டுவிட்டால்? யாரோ ஒருவர் புண்ணில் கட்டுகிற துணி. போன மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூட்டு வலி என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய்.

உன் அப்பாவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். நான் அழுததும் சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த ஆளா? நானும் பாத்தேன்ட்டி. 'இங்கன வரக் கூடாது'ன்னு வெரட்டி விட்டுட்டேன். இனி வரமாட்டான்" என்றார். எனக்கு எம்புட்டு நிம்மதி என்று உனக்குச் சொல்லி மாளாது. என் தலைக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குள் ஒருவன் நுழைகிறான், அவ்வளவுதான்! திருடனாக இருந்தால்கூடச் சரி என்று சந்தோஷமாக இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சும்மா கேட்டேன், "என்ன சட்டை போட்டிருந்தான்?" அப்பா யோசிக்காமல், "வெள்ளச் சட்டை" என்றார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். கதவில் வருகிறவர் ஒருநாளும் ஊதாச் சட்டையை மாற்றி வந்ததில்லை.

அதற்குப் பிறகு வாசலில் யார் நின்றாலும் கண்டுகொள்வதில்லை என்று முடிவு செய்தேன். அந்த வாரமே பாண்டியின் அப்பா முருங்கைக்காய்ப் பையோடு பின்வாசலில் வந்து நின்றார். உச்சி வெயில். நான் அவரைப் பார்த்தேன், திரும்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தேன். "மதினி" என்றார். ஓ, இப்போது சத்தமும் வர ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். "என்ன மதினி, மொகங்குடுக்க மாட்டேங்கீக?" நான் திரும்பவில்லை. செத்த நேரம் நின்றுவிட்டு, பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கனமாக இருந்தது. சாயங்காலம் பாண்டி போன் செய்து, "அம்மா, எங்க அய்யா மேல எதுவும் வருத்தமா?" என்று கேட்டபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்றைக்கு உன் அப்பாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்த மனுஷன் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒனக்குப் பயம் வரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்." "பயம் எனக்கு இருந்துட்டுப் போகுது. நீங்களும் பொய் சொன்னா நான் எதைப் புடிச்சு நடப்பேன்?" என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் "இருக்காகளா?" என்று கேட்பேன். அவர் பேப்பரை இறக்கிப் பார்த்து, "ஆள் இல்ல" என்பார், அல்லது "கேஸ் சிலிண்டர்க்காரன், இருக்கான்" என்பார். வேறொன்றும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த இரண்டு வார்த்தையில்தான் என் நாள் ஓடுகிறது.

நீயும் உன் மேசையில் இதை நினைவில் வைத்துக்கொள். யாராவது விளையாட்டை விட்டு மெய்யாகவே பயந்துவிட்டால், முகம் வெளுக்கும், சிரிப்பு ஒரு நொடி பிந்தி வரும். உடனே நிறுத்து. கதை பாழாய்ப் போனாலும் போகட்டும். "இது ஆட்டம், அங்க ஒண்ணும் இல்ல" என்று உன் சொந்தக் குரலில் சொல். அன்றைக்கு மேசையில் ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள், அதனால் யாரும் பார்க்கவில்லை. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நான் மறைத்தேன்.

இங்கே கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையில் சின்ன வயசு லேடி டாக்டர். இரண்டு நோய்ப் பெயர் சொன்னார். முதல் பெயரை என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவதை உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை ஸ்கேன். வரும்போது ஒரு தாளில், இதுவரை சந்தேகமாகப் பார்த்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது இருந்ததா இல்லையா என்று இன்னொருவரிடம் கேட்டு எழுத வேண்டும். "வீட்டுக்குள்ள மட்டும்தானா? டிவியில, போன்ல, இப்படி ஏதாவது தெரிஞ்சுதா? அது எனக்குக் கட்டாயம் தெரியணும்" என்று இரண்டு தடவை சொன்னார். தாள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஊதாச் சட்டைக்காரர், இல்லை. கொல்லையில் படுத்திருந்த செவலை நாய், இல்லை. பாண்டியின் அப்பா, இருந்தார். ஒரே ஒரு வரிக்கு எதிரே இன்னும் எழுதவில்லை. அதை அப்பாவிடம் கேட்க முடியாது.

போன ஞாயிறு காலை நீ வீடியோவில் பேசினாய். அப்பா கடைக்குப் போயிருந்தார். நீ கட்டிலில் உட்கார்ந்து மேலாளரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். உன் பின்னால் ஒரு பெண் வந்தாள். பச்சைச் சுடிதார், கையில் டம்ளர், கொண்டையைப் பென்சிலால் குத்தியிருந்தாள். உன் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் விலகிப் போய்விட்டாள். நீ திரும்பவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் "சாப்பிட்டியாலே" என்று மட்டும் கேட்டேன்.

நீ அங்கே தனியாக இருப்பதாகத்தான் எங்களிடம் சொல்லியிருக்கிறாய். அப்பா உன் ஜாதகத்தை மூன்று இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறார். அவள் மெய்யாகவே இருந்தால், சொல்வது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "யாரும் இல்லம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன். நம்பி, அந்த வரிக்கு எதிரே இல்லை என்று எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைப் பார்த்து மருந்து எழுதுவார். அதனால் அப்பாவுக்காகவும் பார்க்காதே, எனக்காகவும் பார்க்காதே. என்ன ஊர், என்ன ஆட்கள் என்று நான் இப்போது ஒன்றும் கேட்கப்போவதில்லை. லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். புதன்கிழமைக்குள் பதில் வந்தால் போதும்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலுக்குப் போய் வைத்தியநாதர் முன்னால் நின்றேன். என் தலை சரியாக வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அது வாயில் வரவில்லை. யாரென்றே தெரியாத அந்தப் பெண், என் மகன் என்னிடம் மறைத்து வைத்திருக்கிற ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவள் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது, சரவணா. அதற்காக, இல்லாவிட்டால் இருக்கிறாள் என்று சொல்லிவிடாதே.

அம்மா